குரங்கு இறந்தால் யாரிடம் சொல்வது?

புது தில்லி: ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் 31 வரை ஓர் ஒத்திகை நடைபெற்றது. 'விஷாணு யுத்த அப்யாஸ்' என்பது அதற்கு இடப்பட்ட பெயர். கிருமிப் போர்ப் பயிற்சி என்று பொருள் கொள்ளலாம். விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவும் ஒரு வைரஸ் மாவட்டத்தில் பரவிவிட்டதாக வைத்துக்கொண்டு, தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், கால்நடைப் பராமரிப்புத் துறை, சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் 'தேசியக் கூட்டு நோய்த்தடுப்புக் குழு' என்ற ஒரே பதாகையின் கீழ் களமிறங்கினர். மாநில, மாவட்ட அதிகாரிகளும் உடன் இருந்தனர். குழுக்களின் செயல்பாடு பெரும்பாலும் விரைவாகவும் பொருத்தமாகவும் அமைந்ததாகவும், சில இடங்களில் மேலும் முன்னேற்றம் தேவை என்றும் ஒத்திகை முடிந்ததும் மத்திய அரசு அறிவித்தது.

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றின் நலத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற 'ஒரே ஆரோக்கியம்' கொள்கை, தில்லியின் கருத்தரங்குகளில் சில ஆண்டுகளாகவே அதிகம் அடிபடும் சொல்லாகிவிட்டது. அதன் பெயரால் ஒரு தேசிய இயக்கம் உருவாகியுள்ளது. நாகபுரியில் ஒரு தேசிய நிறுவனத்துக்கு 2022 டிசம்பர் 11 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். பயிற்சித் திட்டங்களுக்கு உலக வங்கியிலிருந்தும் பெருந்தொற்று நிதியத்திலிருந்தும் பணம் வருகிறது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. ஆனால், ஒத்திகைக்கு நாள் குறிக்கலாம். நோய் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. உண்மையில் அது வரும்போது முதலில் பார்ப்பவர் தில்லியிலிருந்து செல்லும் நிபுணர் அல்ல. காட்டில் ரோந்து போகும் வனக் காவலரோ, விறகு பொறுக்கப் போன பெண்ணோதான்.

இதற்கு ஓர் உதாரணம் கைவசம் இருக்கிறது. 2012 டிசம்பரில் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் இறந்து கிடந்தன. அவற்றைப் பிரேதப் பரிசோதனை செய்வதிலும் எரிப்பதிலும் ஈடுபட்டவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. புணேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் அதைக் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் என்று உறுதி செய்தது. கன்னட நாட்டில் 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய், என்று சொல்வார்கள். அதுவரை ஷிமோகா, சிக்மகளூர், உடுப்பி, வட கன்னடம், தென் கன்னடம் ஆகிய ஐந்து மாவட்டங்களோடு நின்றிருந்த நோய் அது. குரங்குகள் கூட்டமாக இறந்தால் அது மனிதருக்கு வரப்போகும் காய்ச்சலின் முன்னறிவிப்பு என்பது அந்த ஐந்து மாவட்டங்களில் பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த சாமராஜநகர் மாவட்டத்தின் காட்டு ஊழியர்களுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. சிறிது காலத்திலேயே நோய் நீலகிரியிலும் வயநாட்டிலும் கண்டறியப்பட்டது. பின்னர் கோவாவுக்கும் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்துக்கும் சென்றது.

1957இல் நடந்தது

இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைப் படிப்பவர்களுக்கு, நாம் முன்னேறியிருக்கிறோமா என்ற சந்தேகமே எழும். 1957இல் ஷிமோகா மாவட்டம் சொரபா வட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் இறந்தன. சுற்றியுள்ள ஊர்களில் மக்களுக்குக் காய்ச்சல் பரவியது. குரங்கும் மனிதரும் ஒருசேர மாண்டதால், ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று அஞ்சினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பும் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952இல் புணேயில் நிறுவியிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் உடனே களத்தில் இறங்கியது. இன்றைய தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் மூலம் அதுதான்.

ஆய்வில் வெளிப்பட்ட வைரஸ், ரஷ்யாவில் உண்ணிகள் மூலம் பரவும் மூளைக்காய்ச்சல் வைரசுக்கு உறவானது என்று தெரிந்தது. அப்படியானால் சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவா? இந்தக் கேள்விக்கு விடை தேட உலக சுகாதார நிறுவனம் நாடியது ஒரு மருத்துவரை அல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சாலிம் அலியை. பறவைகளுக்கு வளையமிட்டு வலசைப் பாதைகளை ஆராயும் பெரும் பணி அப்படித்தான் தொடங்கியது. பறவைகள் மீதான சந்தேகம் நிரூபணமாகவில்லை. வைரஸ் மலைநாட்டிலேயே இருந்துவந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் மருத்துவரும் கால்நடை மருத்துவரும் பூச்சியியலாளரும் பறவையியலாளரும் ஒரே கேள்வியின் பின்னால் நடந்தார்கள். 'ஒரே ஆரோக்கியம்' என்ற சொல் அப்போது பிறக்கவே இல்லை.

நோய் பரவும் முறையை அறிந்தால்தான் கூட்டு முயற்சி ஏன் இன்றியமையாதது என்பது விளங்கும். வைரஸைச் சுமப்பது காட்டு உண்ணி. சிறு பிராணிகளிடமும் குரங்குகளிடமும் அது வளர்கிறது. முதிர்ந்த உண்ணி மாட்டின் மீது ஏறிக்கொள்கிறது. மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் காட்டில் மேயும் மாடுகள் அதிகமானால் உண்ணிகளும் பெருகும். கருமுக மந்தியோ செம்முகக் குரங்கோ நோயால் இறந்து விழும்போது, அதன் உடலிலிருந்து இறங்கும் உண்ணிக் குஞ்சுகளால் அந்த இடமே அபாயப் பகுதியாகிறது. அந்த வழியாகச் சருகு வாரப் போகிறவர் அகப்பட்டுக்கொள்கிறார். கமுகுத் தோட்டத்துக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் சருகு இல்லாமல் மலைநாட்டில் விவசாயம் நடக்காது. எனவே, குரங்கு இறந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டர் அளவுக்குப் பூச்சிமருந்து தெளிப்பது வழக்கமான நடைமுறையாக உள்ளது. இதைச் செய்ய வேண்டுமானால், குரங்கைப் பார்த்தவர் வனத்துறையிடமும், வனத்துறை கால்நடை மருத்துவரிடமும், அவர் சுகாதாரத் துறையிடமும் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

காட்டின் நிலைமையும் இதில் சேர்கிறது. 1980களின் தொடக்கத்தில் தென் கன்னடத்தின் பெல்தங்கடி வட்டத்தில் முந்திரித் தோட்டம் போடுவதற்காகக் காட்டை வெட்டியதை அடுத்து அங்கே மிகப் பெரிய அளவில் நோய் வெடித்தது. பெங்களூரில் உள்ள நிவேதி என்னும் தேசிய கால்நடை நோயியல் நிறுவனமும், அதே நகரின் சூழலியல் ஆய்வு அமைப்பான ஏட்ரீயும், பிரிட்டனின் சூழலியல் மையமும் கர்நாடக அதிகாரிகளுடன் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. பசுமைமாறாக் காடும் தோட்டமும் கலந்து கிடக்கும் பகுதிகளில், மாடுகள் அடர்த்தியாக உள்ள இடங்களில், ஆபத்து கூடுதல் என்று அது காட்டியது. வரைபடத்தில் எதைக் குறிக்க வேண்டும் என்பதையே கள அதிகாரிகளிடம் கேட்டு அமைத்தார்கள் என்பது இந்த ஆய்வின் சிறப்பு.

சாசனத்தில் உள்ள ஒரு வரி

நமது அரசியல் சாசனத்தை இயற்றியவர்களுக்கு இந்தச் சிந்தனை அன்னியமாக இருக்கவில்லை. ஏழாவது அட்டவணையில் பொதுப் பட்டியலின் 29ஆவது இனம், மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றைத் தாக்கும் தொற்றுகள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. மூன்றையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே அட்டவணையின் மற்ற இனங்கள் அதைப் பிரித்துவிடுகின்றன. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. விலங்கு நோய்த் தடுப்பும் கால்நடை மருத்துவப் பயிற்சியும் அதே மாநிலப் பட்டியலின் 15ஆவது இனம். காடும் வன உயிரினங்களும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. மருத்துவக் கல்வியும் அப்போதே அங்கு சென்றது. ஆக, மருத்துவரை உருவாக்கும் அதிகாரம் ஒரு பட்டியலில்; கால்நடை மருத்துவரை உருவாக்கும் அதிகாரம் வேறொரு பட்டியலில். சட்டங்களும் அப்படியே. மனிதத் தொற்றுக்கு 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம், காட்டு விலங்குக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம், கால்நடைத் தொற்றுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டம்.

தில்லியின் அமைச்சகங்களைப் பார்த்தால் குழப்பம் இன்னும் சுவையானது. மனிதரின் நோய்க்குச் சுகாதார அமைச்சகம். ஆடு மாடுகளுக்கு 2019இல் தனியே பிரிக்கப்பட்ட மீன்வளம், கால்நடைப் பராமரிப்பு, பால்வள அமைச்சகம். ஆனால் கால்நடை நோய்களை ஆராயும் பெரிய நிறுவனங்களான இஸத்நகர் இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், போபால் உயர் பாதுகாப்பு ஆய்வகம், பெங்களூர் நிவேதி ஆகிய மூன்றும் அந்த அமைச்சகத்தின் கீழ் இல்லை. அவை வேளாண் அமைச்சகத்தைச் சார்ந்த இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு உட்பட்டவை. காட்டு விலங்குக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம். தெருநாய்க்கு உள்ளாட்சி மன்றம். உண்ணி எந்தத் துறையைச் சேர்ந்தது என்று இதுவரை யாரும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை.

பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழு 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்த தேசிய இயக்கம், பத்துக்கும் மேற்பட்ட அமைச்சகங்களையும் துறைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர முயல்கிறது. நாகபுரி நிறுவனத்தின் இயக்குநரே அந்த இயக்கத்துக்கும் பொறுப்பாளராக இருக்கும் வகையில் ஒரு பதவியை உருவாக்க 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பே, 2021 அக்டோபரில், உயிரித் தொழில்நுட்பத் துறை 27 நிறுவனங்களைச் சேர்த்து, ஐதராபாத் தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைமையில் ஓர் ஆய்வுக் கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தது.

துறைகளுக்கு இடையிலான சுவர் இடிக்கவே முடியாதது என்று சொல்வதற்கும் இடமில்லை. 2020இல் கொரோனா பரவியபோது, மனித மாதிரிகளைச் சோதிக்க ஆய்வகங்கள் போதவில்லை. அப்போது இஸத்நகர், போபால் ஆகிய இடங்களின் விலங்கு ஆய்வகங்கள் மனிதர்களின் மாதிரிகளைச் சோதித்தன. விலங்கு வைரசுகளைப் பல்லாண்டுகளாகக் கையாண்டவர்களுக்கு அது புதிய வேலையே அல்ல. நெருக்கடியில் ஓர் ஆணையால் முடிந்த காரியம், சாதாரண நாளில் கோப்புகளுக்கிடையே சிக்கிக்கொள்கிறது.

பயிற்சி யாருக்கு?

இத்துறையில் பயிற்சி பெற விரும்பும் இளைஞர்களுக்கு இன்று வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் களத் தொற்றுநோயியலில் முதுநிலைப் பயிற்சி அளித்துவருகிறது. தில்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் ஒத்துழைப்போடு நோய்ப் புலனாய்வுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. லூதியானாவில் உள்ள குரு அங்கத் தேவ் கால்நடைப் பல்கலைக்கழகத்திலும், வயநாடு பூக்கோட்டில் உள்ள கேரள கால்நடைப் பல்கலைக்கழகத்திலும் 'ஒரே ஆரோக்கிய' மையங்கள் உள்ளன. இதற்கெல்லாம் முன்னோடியான ஒரு முயற்சியையும் குறிப்பிட வேண்டும். நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகம், உலக வங்கி வழியே கிடைத்த நிதியைக் கொண்டு, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளின் மருத்துவர்களையும் கால்நடை மருத்துவர்களையும் சேர்த்துப் பயிற்றுவித்தது. பாடத்தைவிட அந்தச் சேர்க்கைக்குத்தான் மதிப்பு அதிகம். நள்ளிரவில் தொலைபேசியில் அழைக்கக்கூடிய நட்பு அங்கே உருவாகிறது. சுற்றறிக்கையால் அது உருவாவதில்லை.

ஆனால் பயிற்சி பெற்றுத் திரும்பியவர் எங்கே அமர்கிறார்? பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட அளவில் அவருக்கென்று ஒரு பதவி கிடையாது. கால்நடை மருத்துவர் மீண்டும் சினை ஊசிக்கும் தடுப்பூசி இலக்குக்கும் திரும்புகிறார். மருத்துவர் தம் புறநோயாளிகளிடம் திரும்புகிறார். வனத்துறையிலிருந்து இப்பயிற்சிகளுக்கு வருபவர்கள் மிகக் குறைவு.

பணம் இல்லை என்ற வாதம் இப்போது முன்போல எடுபடாது. 2023 ஏப்ரலில் உலக வங்கிக் கடனோடு தொடங்கப்பட்ட 1,228.70 கோடி ரூபாய்த் திட்டம் அஸ்ஸாம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஒடிஸா ஆகிய ஐந்து மாநிலங்களுக்கானது. 5,500 கால்நடை மருத்துவர்களுக்கும் 9,000 கால்நடை உதவியாளர்களுக்கும் பயிற்சி, 75 ஆய்வகங்களுக்கும் 300 கால்நடை மருத்துவமனைகளுக்கும் மேம்பாடு என்பது அதன் இலக்கு. 2024 அக்டோபரில் பெருந்தொற்று நிதியத்தின் 2.5 கோடி டாலர் திட்டம் ஒன்றும் தொடங்கிவைக்கப்பட்டது. எண்ணிக்கைகள் நன்றாகவே இருக்கின்றன. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் விலங்கு மருத்துவத் துறைக்குள்ளேயே நடக்கும் பயிற்சிகள். ஒரு துறையை வலுப்படுத்துவது தேவைதான். ஆனால் அது துறைகளை இணைப்பதாகாது. கால்நடை மருத்துவரும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் வனச்சரகரும் ஒரே அறையில் அமர்ந்து ஒரே படிவத்தை நிரப்பக் கற்றுக்கொள்ளாதவரை, பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கீழ்மட்டத்தில் இருப்பவர்களின் நிலைமையோ வேறு. கிராமத்தில் காய்ச்சலை முதலில் அறிபவர் ஆஷா ஊழியர். கால்நடை நோயை முதலில் அறிபவராக, 'ஏ-ஹெல்ப்' என்ற திட்டத்தின் கீழ் 2022 முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். இருவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாகக்கூட இருக்கலாம். இருவருக்குமே அரசு ஊழியர்களுக்கு உரிய ஊதியம் இல்லை. செய்யும் வேலைக்கேற்ற ஊக்கத்தொகைதான். 53 கோடிக்கு மேற்பட்ட கால்நடைகள் உள்ளதாக 2019 கணக்கெடுப்பு சொல்லும் ஒரு நாட்டில், எச்சரிக்கை அமைப்பின் முதல் கண்ணி இப்படித்தான் அமைந்திருக்கிறது. பெருந்தொற்றைத் தடுக்கும் திட்டங்களை வகுப்பவர்கள் இந்தப் பெண்களின் ஊதியத்தைப் பற்றிப் பேசுவது அரிது.

சிலிகுரியும் கோழிக்கோடும்

பயிற்சியும் கூட்டுறவும் என்ன செய்யும் என்பதற்கு நிபா வைரசின் வரலாறே சாட்சி. 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு இனம் தெரியாத காய்ச்சல் கண்டது. அவர்களில் 45 பேர் மாண்டனர். மருத்துவமனைகளுக்குள்ளேயே நோய் பரவியது. அது நிபா என்பது பாதுகாத்து வைக்கப்பட்ட மாதிரிகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. ஆய்வு முடிவு 2006இல் வெளியானது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது நபர் நோயுற்றபோது, மருத்துவர்கள் சந்தேகம் கொண்டு மாதிரியை மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்கு அனுப்பினர். சில நாள்களில், மே 20 அன்று, புணே நிறுவனமும் நிபா என உறுதி செய்தது. உறுதி செய்யப்பட்ட 18 நோயாளிகளில் 16 பேர் இறந்தனர். செவிலியர் லினியும் அந்தத் தொற்றுக்குப் பலியானார். இருந்தும் நோய் சிலிகுரியைப் போல விரியாமல் நிறுத்தப்பட்டது. கேரளத்திலும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. முதலில் நோயாளியின் வீட்டுக் கிணற்றிலிருந்த வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். வைரஸ் இல்லை என்றதும் வௌவாலுக்குத் தொடர்பில்லை என்ற பேச்சுக் கிளம்பியது. அவை பூச்சி தின்னும் வௌவால்கள். நிபாவைச் சுமப்பவை பழந்தின்னி வௌவால்கள். பிறகு அவற்றைச் சோதித்தபோது வைரஸ் அகப்பட்டது. எந்த வௌவாலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல மருத்துவர் போதாது, வௌவாலை அறிந்தவர் முதல் நாளிலேயே உடன் இருக்க வேண்டும்.

அதன் பிறகு கேரளம் செய்தவை கவனத்துக்குரியவை. ஆலப்புழை, பத்தனம்திட்டா, கோட்டயம், இடுக்கி ஆகிய நான்கு மாவட்டங்களில் ஊர் மக்களிலிருந்தே தன்னார்வலர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்தார்கள். பறவைகளோ விலங்குகளோ வழக்கத்துக்கு மாறாக இறந்தால் உடனே தகவல் தருவது அவர்கள் பணி. கோழிக்கோட்டில் நிபா ஆய்வுக்கென்று ஒரு மையமும் அமைந்தது. 2019, 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் நிபா மீண்டும் தலைகாட்டியபோது 2018இன் பேரிழப்பு திரும்பவில்லை. உள்ளாட்சிக்கு அதிகாரமும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவரும் உள்ள மாநிலம் என்பதால் இது அங்கே முடிந்தது. மற்ற மாநிலங்கள் பயிற்சிக் கையேட்டை மட்டும் நகலெடுத்தால் இதே பலன் கிடைக்கும் என்று நம்ப முடியவில்லை.

பாறுகள் போனதும் நாய்கள் வந்தன

இனி தில்லிவாசிகளுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வரலாம். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் மடிந்து குறைவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கவனித்தார். காரணம் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் அதை வெளியிட்டது. மாடுகளுக்குத் தரப்பட்ட டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி, அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறின் சிறுநீரகத்தை அழித்தது. இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 சதவீதம் அழிந்துபோயின. மனிதருக்கான மருந்தை மாட்டுக்கு அனுமதித்தபோது, மாடு செத்த பின் அதைத் தின்பது யார் என்று கேட்க வேண்டிய கடமை எந்தத் துறைக்கும் இருக்கவில்லை.

கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015இல் அவற்றையும் தடுக்க வேண்டியதாயிற்று. பாறுகளுக்கு அதே போலத் தீங்கு செய்யும் கீட்டோபுரோபென், அசிகுளோபினாக் ஆகியவை கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டதோ 2023இல்தான்.

பாறுகள் போன இடத்தில் பிணங்கள் அழுகின, நாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. பாறுகளின் அழிவால் 2000 முதல் 2005 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இந்தியாவில் கூடுதலாக சுமார் ஐந்து லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஐயல் பிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2024இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டனர்.

நாய்க்கடியும் ரேபிஸும் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தை எட்டின. தில்லி, சுற்றுவட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 11 அன்று இருவர் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதைத் திருத்தி, ரேபிஸ் தொற்றியவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. தலைநகரம் நாயன்பர்கள், நாய்வெறுப்பாளர்கள் என்று இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது, கடித்த நாயைப் பிறகு யார் கண்காணித்தார்கள் என்ற கேள்விகள் அந்த இரைச்சலில் எடுபடவில்லை. ரேபிஸால் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் மதிப்பிட்டுவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அண்மைய ஆய்வின்படி அது 5,726. இறப்புக் கணக்கிலேயே இவ்வளவு இடைவெளி இருப்பது, மனித மருத்துவமனையும் விலங்கு ஆய்வகமும் தகவல்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்பதன் அடையாளம்.

இதே நாட்டில் கோவா வேறு பாதையில் சென்றது. 2013 முதல் 2019 வரை, மாநில அரசும் தன்னார்வ அமைப்பும் சேர்ந்து, கைபேசி வரைபடத்தின் உதவியோடு தெருத் தெருவாகச் சென்று 95,000க்கும் மேற்பட்ட நாய்களுக்குத் தடுப்பூசி போட்டன. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பள்ளிக் குழந்தைகளுக்கு நாய்க்கடியைப் பற்றிப் பாடம் நடத்தின. நாய்களில் ரேபிஸ் 92 சதவீதம் குறைந்தது. திட்ட காலத்தின் முடிவில் மனித மரணமே இல்லை. நாய்வழி ரேபிஸை 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்ற தேசியச் செயல்திட்டம் 2021 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. கோவாவில் செய்ததைத் தலைநகரில் செய்ய எது தடுக்கிறது என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாம்.

தடுப்பூசி இல்லாத மலைநாடு

கியாசனூர் நோய்க்கு ஒரு தடுப்பூசி இருந்தது. பெங்களூர் ஹெப்பாளில் உள்ள ஒரு கால்நடை உயிரியல் நிறுவனம் அதைத் தயாரித்தது. மனிதருக்கான தடுப்பூசியைக் கால்நடை நிறுவனமே தயாரித்துக் கொடுத்தது என்பது கூட்டுறவின் நல்ல சான்று. ஆனால் அதன் வீரியத்தைச் சோதிக்கும் பொறுப்பை மனித மருத்துவத் துறை உரிய நேரத்தில் கையில் எடுக்கவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு 62 சதவீதப் பாதுகாப்பே கிடைத்தது என்று 2013இல் வெளியான ஆய்வு சொன்னது. வீரியம் குறைந்ததால் 2022இல் அது நிறுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கர்நாடகத்தில் இந்த நோய்க்கு மீண்டும் மரணங்கள் நேர்ந்தன. புதிய தடுப்பூசி ஒன்றை உருவாக்கும் பணியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாதின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனமும் ஈடுபட்டுள்ளன. மாடுகளின் கோமாரி நோய்க்குத் தடுப்பூசி தயாரிக்க தேசியப் பால்வள வாரியம் தொடங்கிய நிறுவனம் அது.

நோய்ப் பருவம் ஆண்டுதோறும் டிசம்பரை ஒட்டித் தொடங்கி மே வரை நீடிக்கிறது. காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கைகால்களில் தடவிக்கொள்ள உண்ணி விரட்டும் எண்ணெயைச் சுகாதாரத் துறை தருகிறது. இறந்த குரங்கைக் கண்டால் தொடாமல் தகவல் தருமாறு கேட்டுக்கொள்கிறது. மத்திய அரசின் கால்நடைத் துறை 'ஒரே ஆரோக்கிய' முன்னோடித் திட்டத்தை 2022 ஜூனில் கர்நாடகத்தில்தான் தொடங்கியது. தொட்டுவிட்ட ஐந்து மாவட்டங்களுக்கு அப்பாலும், எல்லை தாண்டி நீலகிரி, வயநாடு, சிந்துதுர்க் வரையிலும், அந்தத் தகவலைப் பெற்றுக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு வனச்சரகத்திலும் இருக்கிறாரா என்பதை அடுத்த பருவம் தொடங்கும் முன் மாநில அரசுகள் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும்.